குத்துக்கு எத்தனை நாற்று

நடவு முடிந்து எல்லோரும் நிமிர்ந்தபோது என் இடுப்பு மட்டும் நிமிரவில்லை. பாதி வளைந்தபடியே வரப்புக்கு வந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி நின்றேன். தொடையின் பின்நரம்பு இழுத்துப் பிடித்தது. விரல் நுனிகள் ஊறி வெளுத்துக் கிடந்தன. கட்டைவிரல் நகத்துக்குள் சேறு ஏறி விண்விண்ணென்று தெறித்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வரைக்கும் படிப்போடு இந்த வேலையையும் செய்தேன். பிறகு பத்து வருடம் புத்தகப் பை மட்டுமே தூக்கியதில் உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது.

"இன்னா டாக்டரம்மா, பட்டமே இன்னும் வாங்கல, அதுக்குள்ள இடுப்பு போச்சா?" என்றாள் மணியம்மாள். அறுபதைத் தொட்டவள். அவள் இடுப்பு நேராக நின்றது.

"அவளுக்கு நாற்காலி கொண்டாந்து போடுங்கடி, வரப்பு மேல" என்றாள் அஞ்சலாட்சி.

அஞ்சலாட்சியும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்ச். அவள் எட்டோடு நின்றாள். இப்போது பதினோரு பேர் கொண்ட நடவுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. நடவு இல்லாத மாதங்களில் அதே பதினோரு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்துத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் போய், ஒரு கம்பெனியில் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மூடி போடுவார்கள்.

அது 2007 ஐப்பசி. நான் புதுச்சேரி சாரம் பகுதியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, அங்கேயே ஓர் ஆய்வு மையத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒற்றை நாற்று நடவு சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா, அதற்கு வங்கி கொடுக்கும் பயிர்க்கடன் போதுமா என்பதுதான் என் ஆய்வு. அந்தக் காலத்தில் எங்கே பார்த்தாலும் ஒற்றை நாற்றுப் பேச்சுதான். பதினாலு நாள் நாற்றைக் குத்துக்கு, அதாவது கை ஊன்றும் ஓர் இடத்துக்கு, ஒன்றே ஒன்றாக, முக்கால் அடி இடைவெளியில் சதுரமாக நடவேண்டும். விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், ஒவ்வொரு நாற்றும் கொத்துக் கொத்தாகத் தூர் கட்டும், விளைச்சல் ஏறும் என்றார்கள்.

எங்கள் மையத்தின் பயிரியல் பிரிவும் எங்கள் ஊரான பாகூர் பக்கம் பத்து வயல்களை எடுத்து இரண்டு வருடமாகச் செய்து காட்டியது. சராசரி விளைச்சல் ஏறவில்லை. பழைய நடவில் என்ன கண்டதோ அதேதான் இதிலும். ஏன் என்று ஓர் அறிக்கை வந்தது. அதில் ஒரு வரி: "பெண் தொழிலாளர்களின் கல்வியறிவின்மையும் பயிற்சிக் குறைவும் காரணமாக இருக்கலாம்."

அந்த வரி எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பத்து வயலையும் நட்டது அஞ்சலாட்சியின் குழு. அவர்களில் பலருக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். நாற்று தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்றாம் வருட நடவுக்கு நானும் புடவையை ஏற்றிக் கட்டிக்கொண்டு அவர்களோடு இறங்கினேன். ஒரு வரிசைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கெடுப்பதாகச் சொல்லிக்கொண்டேன்.

அன்று காலையில் பயிரியல் பிரிவின் தலைவர் டாக்டர் கலைவாணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை பதினோரு கையும் ஒவ்வொரு நாற்றாகத்தான் வைத்தன. ஒன்பது மணிக்கு அவர் பைக்கை உதைத்துக் கிளம்பினார். சத்தம் ரோட்டைத் தாண்டியதும் கைகள் மாறிவிட்டன. எனக்குப் பக்கத்தில் அஞ்சலாட்சியின் கட்டைவிரல் நாற்றுக் கற்றையிலிருந்து மூன்றைப் பிரித்து எடுத்து, ஒரே அழுத்தில் சேற்றில் வைத்தது. அடுத்ததும் மூன்று. அதற்கடுத்ததும்.

மத்தியானம் போர்செட்டு நிழலில் புளிச்சோறு சாப்பிடும்போது கேட்டேன்.

"அஞ்சல, ஏன்டி மூணு வெக்கிற?"

"கண்டுட்டியா?" அவள் சிரித்தாள். "ஒத்த நாத்து நட்டா ஒரு மாசத்துக்கு வயலு மொட்ட அடிச்ச மாரி கெடக்கும். ரோட்ல போறவன் இன்னா கேப்பான்? இத நட்டது யாருன்னு கேப்பான். அஞ்சலாட்சி ஆளுங்கன்னு சொல்லுவாங்க. அடுத்த வருசம் எவன் கூப்புடுவான் எங்கள?"

"அது போவ, நண்டு வெட்டுதே" என்றாள் மணியம்மாள். "ஒத்த நாத்த நண்டு வெட்னா அந்த எடம் பொக்க. பொக்கைய நெரப்ப நாமதான் திரும்ப எறங்கணும். காணிக்கு இவ்ளோன்னு பேசிக் குடுத்துட்டாங்க. பொக்க நெரப்ப எவன் கூலி குடுக்கறான்? மூணு வெச்சா ஒண்ணு போனாலும் ரெண்டு நிக்கும்."

நோட்டை எடுத்தேன். பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

பத்து வயலில் ஒன்று மட்டும் வேறு. அது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா ராமலிங்கத்தினுடையது. அவர் காணிக் கணக்கில் பேசுவதில்லை, நாள் கூலி கொடுப்பார். வெயிலோ மழையோ, குடை பிடித்துக்கொண்டு கடைசி வரிசை வரைக்கும் நிற்பார். பொக்கை விழுந்தால் இன்னொரு நாள் கூப்பிட்டு அதற்கும் கூலி கொடுப்பார். அங்கே மட்டும் ஒன்றே ஒன்றாக நட்டார்கள்.

மாசியில் அறுவடைக் கணக்கு முடிந்தது. சொல்தாவின் வயலில் மற்ற ஒன்பதையும்விடக் கால்வாசி அதிகம் கண்டிருந்தது. நான் என் நான்காவது அத்தியாயத்தை எழுதினேன். ஒற்றை நாற்று தோற்கவில்லை. அந்த ஒன்பது வயலில் ஒற்றை நாற்று நடப்படவே இல்லை. நடாததற்குக் காரணம் கூலி பேசும் முறை. பயிர்க்கடனில் நடவுக்கு ஒதுக்கும் தொகையில் பொக்கை நிரப்பும் கூலி கிடையாது. அதைச் சேர்க்காமல் இந்த முறையைப் பரப்ப முடியாது. ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான்.

ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கு முந்தைய கூட்டத்தில் அதைப் படித்தேன். என் வழிகாட்டி பேராசிரியர் ஷஹாபுதீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நேரு வீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துக்காரர். எதைச் சொன்னாலும் கஜம் போட்டுப் பார்ப்பவர். கலைவாணன் கையை உயர்த்தினார்.

"மூணு நாத்து வெச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"நான் கூட நட்டேன் சார். பார்த்தேன்."

"ஒரு நாள், ஒரு வயல். மிச்ச எட்டு வயல்?"

"அவங்களே சொன்னாங்க."

"பக்கத்துல உக்காந்து சோறு சாப்பிட்டுக் கேட்டத எழுதறது ஆராய்ச்சி இல்லம்மா. பயிர் அறுத்தாச்சு. குத்துக்கு எத்தன நாத்து வெச்சாங்கன்னு இனிமே எந்த மெஷினும் சொல்லாது. இந்த அத்தியாயத்த எடுத்துடுங்க."

அதை எடுத்தால் மீதி இருப்பது வெறும் அட்டவணை. பங்குனியோடு என் உதவித்தொகை முடிகிறது. இன்னொரு போகத்துக்குக் காத்திருந்து மறுபடி நட வைத்துப் பார்க்க எனக்கு வழியில்லை. அத்தியாயம் போனால் பட்டம் போகும்.

"வயல்ல நிக்கிற அறுப்புத் தாளப் புடுங்கிப் பார்த்தா தெரியும் சார்" என்றேன். என்னையும் அறியாமல் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "ஒத்த நாத்துல வந்த தூருங்க எல்லாம் ஒரே அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். பிரிக்கணும்னா கிழிக்கணும். மூணு நாத்துன்னா வேரக் கழுவிட்டு விரல விட்டா மூணாப் பிரிஞ்சிடும். கைக்கே தெரியும்."

"கைக்கா?" கலைவாணன் சிரிக்கவில்லை. "அந்தக் கை எத்தன தடவ தப்பு பண்ணும்? அதுக்குக் கணக்கு இருக்கா?"

"நீங்களே சோதிச்சுப் பாருங்க சார். உங்க பாட் ஹவுஸ்ல எண்ணி நட்ட தொட்டிங்க இருக்கு. எண்ணிக்கையச் சொல்லாம குடுங்க."

அவர் யோசித்தார். நியாயமான மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். "பத்து நாள்" என்றார். "இருபது குத்து தர்றேன். அதுல பதினெட்டுக்குக் குறையாம சரியா வரணும். அதே கை வயல்லயும் எண்ணணும்."

அன்று சாயங்காலமே அவருடைய உதவியாளரிடம் ஐந்து குத்து வாங்கி நானே பார்த்தேன். இரண்டு தப்பு. என் கை புத்தகத்துக்குப் பழகிய கை ஆகிவிட்டிருந்தது. அஞ்சலாட்சி வந்தால்தான் உண்டு.

அப்போதுதான் நான் செய்த தப்பு எனக்கு உறைத்தது. நான் குழுவின் பெயரைப் போடவில்லை. ஆனால் அந்தப் பத்து வயலையும் நட்டது யார் என்று பாகூர் முழுக்கத் தெரியும். அவர்கள் சாப்பாட்டுப் பேச்சில் சொன்னதை, ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களைக் கூப்பிட்டு நட வைத்த மையத்து ஆட்களிடமே படித்துக் காட்டியிருக்கிறேன்.

தட்டாஞ்சாவடி கம்பெனி வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் போய் நின்றேன். அத்தியாயம், கூட்டம், சோதனை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலாட்சி கேட்டுக்கொண்டே முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஆக, நாங்க ஏமாத்துனோம்னு எழுதிட்ட."

"அப்படி எழுதலடி."

"எப்புடி எழுதுனாலும் படிக்கிறவன் அப்புடித்தான் படிப்பான். கேட்டியா எங்கள? ஒரே பெஞ்சுல குந்துனவதான நீ? ஊர்ல இருந்து ஒரு கை பிரிஞ்சி போனா அது திரும்பி வந்து எங்களயே அடிக்குமா?"

தப்பு என்று மட்டும் சொன்னேன். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பத்துப் பேர் ஏறி நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். மணியம்மாள் உள்ளே இருந்து தலையை நீட்டினாள்.

"ஏன்டி அஞ்சல, அந்த மையத்துக்காரன் பேப்பர்ல நம்மள முன்னாடியே இன்னான்னு எழுதி வெச்சிருக்கான்?"

"படிப்பில்லாததுங்க, வேல தெரியாததுங்கன்னு" என்றேன் நான்.

"வேல தெரியாததுங்களா?" மணியம்மாள் ஆட்டோவை விட்டே இறங்கிவிட்டாள். "அம்பது வருசம் நட்டவளுக்கா வேல தெரியாது? அதுக்கு ஏமாத்துக்காரின்னே எழுதிட்டுப் போவட்டும்!"

அஞ்சலாட்சி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க பேரப் போட்டே எழுது. மூணு வெச்சோம்னு எழுது. ஏன் வெச்சோம்னும் அது பக்கத்துலயே எழுது. ஒண்ண எழுதி ஒண்ண வுட்ட, ஊருக்குள்ள நீ காலு வெக்க முடியாது."

"எழுதறேன்."

"எத்தினி நாள் வேல?"

"வயலுக்கு நூறு குத்து. பத்து வயல். பதினோரு பேருன்னா மூணு நாள். கூலி குடுக்க இப்ப எங்கிட்ட பணம் இல்ல. உதவித்தொகை மூணு மாசமா வரல."

"காசு யாருடி கேட்டது? நாளக் குடு. நாளுக்கு நாள்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஒருத்தி வயலில் நான் ஒரு நாள் நட்டால் என் வேலைக்கு அவள் ஒரு நாள் வரவேண்டும். அதைக் காசாக மாற்றிக் கொடுப்பது கேவலம். உடம்பால்தான் தீர்க்க வேண்டும். பதினோரு பேர், மூன்று நாள். முப்பத்துமூன்று நாள் நடவுக்கு நான் ஒப்புக்கொண்டேன்.

மறுநாளே இறங்கினோம். தாளுக்கு நடுவே உளுந்து பூவும் பிஞ்சுமாக நின்றது. உளுந்தை மிதிக்கக்கூடாது என்று வயல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கத்திவிட்டுப் போனார்கள். நல்ல குத்தாகப் பார்த்துப் பிடுங்கினார்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அதனால் மூலைக்கு மூலை கயிறு கட்டி, ஐந்து அடிக்கு ஒன்றாகக் கயிறு தொட்ட குத்தை மட்டும் பிடுங்கினோம். காய்ந்த மண் வேரைக் கவ்விக்கொண்டு விடவில்லை. கடப்பாரையால் நெம்பி, வாய்க்காலில் ஊறப்போட்டு, கழுவிக் கொடுத்தார்கள்; அஞ்சலாட்சி பிரித்து எண்ணிச் சொன்னாள். நான் எழுதினேன். முதல் நாள் முடிவில் எல்லோர் உள்ளங்கையும் தாள் அறுத்துக் கோடு கோடாக இருந்தது.

"ரெண்டு." "மூணு." "மூணு." "நாலு... இது யாரு வெச்சது? கமலா, உன் வரிசதான் இது. நாத்த இன்னா உங்க ஊட்டுச் சொத்துன்னு நெனச்சியா?"

சொல்தா வயலில் மட்டும் "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு" என்று போய்க்கொண்டே இருந்தது. ராமலிங்கம் குடையோடு வந்து நின்று, நூறு வரைக்கும் உதடு அசைத்து எண்ணிவிட்டு, "தொண்ணூத்தி ரெண்டு ஒத்த நாத்து" என்றார். என் நோட்டிலும் தொண்ணூற்றிரண்டு. மீதி எட்டுக் குத்தில் இரண்டிரண்டு நாற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூட்டிப் பார்த்தேன். சொல்தா வயலில் குத்துக்கு ஒன்று புள்ளி சுழியம் எட்டு. மற்ற ஒன்பது வயலில் சராசரி இரண்டு புள்ளி எட்டு.

பத்தாம் நாள் காலை, மையத்தின் கீழ்த்தள ஆய்வகத்தில் மேஜை மேல் இருபது குத்துகள் எண் கட்டி வரிசையாக இருந்தன. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர். எண்ணிக்கை எழுதிய தாள் உறையில் ஒட்டப்பட்டு ஷஹாபுதீன் சார் சட்டைப் பையில் இருந்தது. செய்தி எப்படியோ பரவி முப்பது நாற்பது மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள். அஞ்சலாட்சியும் மணியம்மாளும் நல்ல புடவை கட்டி வந்திருந்தார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் கலைவாணன்.

"இன்னா சார், கை கழுவ வேணாமா?" என்று கேட்டுவிட்டு அஞ்சலாட்சி முதல் குத்தைத் தண்ணீரில் முக்கினாள்.

ஒரு குத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேரை அலசுவாள். கண்ணைக் குத்தில் வைக்காமல் சுவரைப் பார்ப்பாள். கட்டைவிரல் அடியில் ஒரு சுற்று சுற்றும். "ரெண்டு." தூக்கிப் போடுவாள். "ஒண்ணு." "நாலு." நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இருபதும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஷஹாபுதீன் சார் உறையைக் கிழித்து ஒவ்வொன்றாகப் படித்தார். பதின்மூன்று வரை எல்லாம் சரி. பதினாலில் நின்றார். பிறகு மிச்சத்தையும் படித்து முடித்தார்.

"பத்தொன்பது சரி" என்றார். "ஒண்ணு தப்பு."

பதினெட்டுக்கு மேல் போய்விட்டது. மாணவர்கள் கை தட்டினார்கள். ஆனால் அஞ்சலாட்சி நகரவில்லை.

"தப்பா? எது தப்பு?"

"பதினாலாம் நம்பர். நீங்க ரெண்டுன்னீங்க" என்றார் கலைவாணன். "எங்க ரெஜிஸ்தர்ல ஒத்த நாத்து. பரவாயில்லம்மா, நீங்க ஜெயிச்சாச்சு."

"ஜெயிச்சது கெடக்கட்டும் சார். உங்க நோட்டு இன்னா வேணா சொல்லட்டும். இது ரெண்டு."

"எண்ணி நட்டது எங்க ஆளு."

"எண்ணிப் பாருங்களேன், நீங்களே."

அவள் பதினாலாம் குத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கெட்டில் அலசினார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். அஞ்சலாட்சி அவர் கட்டைவிரலைப் பிடித்து அடியில் ஓர் இடத்தில் வைத்தாள். "இங்க. அமுக்காதீங்க. சும்மா வுடுங்க."

குத்து இரண்டாகப் பிரிந்து அவருடைய இரண்டு கையிலும் வந்தது. ஒரு நார் கிழியவில்லை. இரண்டுக்கும் தனித்தனி வேர்.

மணியம்மாள்தான் பேசினாள்.

"உங்க ஆளு மேல கோவப்படாதீங்க சார். தொட்டி மொட்டையா தெரியுதேன்னு அவருக்கும் பயம் வந்திருக்கும்."

சிரிப்பு முதலில் கலைவாணனிடமிருந்துதான் வந்தது. பிறகு மொத்த அறையும் சிரித்தது. அவர் ஈரக் கையோடு ரெஜிஸ்தரை எடுத்து, பதினாலாம் வரியில் ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இருபதுக்கு இருபது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த அத்தியாயம் இருக்கட்டும். எங்க அறிக்கையில அந்தப் பயிற்சிக் குறைவு வரிய நான் எடுத்துடறேன்."

"எடுத்தா பத்தாது சார்" என்றாள் அஞ்சலாட்சி. "பொக்க நெரப்பக் கூலின்னு ஒரு வரி சேருங்க."

சேர்த்தார்.

அடுத்த சம்பாவில் பத்து வயலுக்கும் நாள் கூலி பேசினார்கள். பொக்கை நிரப்ப ஒரு நாள் தனிக் கூலி. பதினோரு பேரும் ஒன்றே ஒன்றாக நட்டார்கள். முதல் மாதம் வயல் மொட்டையாகத்தான் கிடந்தது. ரோட்டில் போனவர்கள் கேட்டார்கள், சிரித்தார்கள். அஞ்சலாட்சி, "நாப்பத்தஞ்சு நாள் கழிச்சி வந்து பேசு" என்று ஒவ்வொருவனுக்கும் சொன்னாள். நாற்பத்தைந்தாம் நாள் நான் போய் ஒரு குத்தில் முப்பத்தோரு தூர் எண்ணினேன். அறுவடையில் மற்ற ஒன்பது வயலும் சொல்தா வயலைப் பிடித்துவிட்டன. இரண்டு வயல் அதைத் தாண்டின. சொல்தாவுக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம். அந்தப் பகுதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் பயிர்க்கடன் கணக்கில் நடவுத் தொகையை ஏற்றி, பொக்கை நிரப்புவதற்குத் தனி வரி போட்டது.

2009 ஆடியில் எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தில் பதினோரு பெயரும் இருக்கின்றன. மூன்று நாற்று வைத்ததும் இருக்கிறது, ஏன் வைத்தார்கள் என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நடவுக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கிற விடுப்பும் அவர்கள் வரிசையில் போகிறது. டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கடைசி வரிசையில் விடுகிறார்கள். நாலு குத்துக்கு ஒன்று கோணலாகிறது, திட்டுகிறார்கள்.

இதுவரை பதினாலு நாள் கொடுத்திருக்கிறேன். அஞ்சலாட்சியின் குழுவுக்கு நான் இன்னும் பத்தொன்பது நாள் நடவு பாக்கி.